மைக் சாய்ந்த இடம்

"எக்கோவை அணை," என்கிறார் கத்தாஸ்.

கடைக்காரர் ஷவ்கி சிரிக்கிறார். எக்கோ வேண்டாம் என்று சொல்லி மைக் வாங்க வந்த ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. கெய்ரோவில் இந்தத் தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், மைக்கைக் கையில் கொடுப்பதற்கு முன்பே எக்கோவை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். தும்மினால்கூடக் கச்சேரி மாதிரி கேட்கும். வாங்குகிறவன் தன் குரலில் தானே மயங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போவான். வீட்டில் போய் மாட்டிப் பார்த்த பிறகுதான் அது தன் பழைய குரல்தான் என்று தெரியும். இதைப் பட்டப்பகல் மோசடி என்று நான் சொல்வேன். கத்தாஸ் அதைவிடக் கடுமையான வார்த்தை சொல்வார். அதை அச்சில் போட முடியாது.

எக்கோ அணைந்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்பு நிறக் காலுறையை எடுக்கிறார். அதற்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜோடி வெண்கலத் தாளம், ஒரு இரும்பு முக்கோணம், அதைத் தட்ட ஒரு கம்பி. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தாளத்தை ஓங்கி அடிக்கிறார். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கி தகரத்தைக் கிழித்தது போல் கத்துகிறது.

"உடையுது. அடுத்தது."

அடுத்தது உடையவில்லை. உடனே இரண்டாவது சோதனை: வயிற்றின் அடியிலிருந்து ஒரே ஒரு 'ஆ'. தொடங்கும்போது அது குரலா மூச்சா என்றே தெரியாது. மெல்ல மெல்ல ஏறி அறையை நிறைக்கும். இந்த மைக் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. மூன்றாவது மைக் இரண்டு சோதனையிலும் தேறியது. அப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கின் முன்னால் அரை நிமிடம் சும்மா நின்றார். ஷவ்கிக்குப் பயம் வந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, ஐயாவுக்கு மயக்கம் கியக்கம் ஏதாவது வருமா என்று கேட்டார். மயக்கம் இல்லை. யாரும் பாடாதபோது மைக் எதைக் கேட்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெருவையே உள்ள இழுத்துட்டு வருது. வேண்டாம்."

எல்லோரையும் 'பாஷா' என்று மரியாதையாகக் கூப்பிடும் ஷவ்கி மறுபடி என்னிடம் கேட்டார்: "அவருக்கு என்ன விலையில வேணுமாம், பாஷா?"

"வேணுமாமா?" என்றார் கத்தாஸ். "எனக்குக் கண்ணுதான் இல்ல. காது ரெண்டும் இருக்கு, வாயும் இருக்கு. கேக்கறத என்கிட்ட கேளு."

எங்கே போனாலும் இது நடக்கும். வங்கியில், பழக்கடையில், தேவாலய வாசலில், அவரைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். நான் கோபப்பட வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார். கோபத்தில் அவரை முந்தியவர் எங்கள் ஷுப்ரா வட்டாரத்தில் இல்லை.

முஅல்லிம் கத்தாஸ் எங்கள் தேவாலயத்தின் தலைமைப் பாடகர். முஅல்லிம் என்பது பட்டம், ஆசான் என்று பொருள். கறிக்கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், அதில் அவருக்கும் வருத்தம் இல்லை, கறிக்கடைக்காரருக்கும் இல்லை. வயது ஐம்பத்திரண்டு. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோனது. இசைக்குறிப்பு என்று எதுவும் இல்லாத எங்கள் பாடல்கள் முந்நூற்றுச் சொச்சத்தையும் காதாலேயே வாங்கித் தலைக்குள் வைத்திருக்கிறார். நான் அவருக்கு மேல்தளத்தில் குடியிருக்கிறேன். தபால் துறையில் வேலை. மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவேன். அதனால் வெளியே போக அவருக்குக் கை கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது.

சாதாரண நாளில் அவர் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை. மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்து யார், கையில் எத்தனை பை, பையில் தக்காளியா உருளைக்கிழங்கா என்று சொல்லிவிடுவார். மூன்று தடவைக்கு ஒரு தடவை தப்பாகத்தான் சொல்வார். தப்பு பையில் இருக்கிறது என்பார். ரேடியோவில் யாராவது சுருதி விலகினால் எழுந்து போய் ரேடியோவின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். டீயில் நாலு கரண்டி சர்க்கரை; நர்கிஸ் மூன்று போட்டால் கரண்டிச் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். நர்கிஸ் அவர் மனைவி. இந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் மைக்கைத் தூக்கி நிறுத்தியது அவர்தான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கத்தாஸ் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு நீண்ட திருநாள் பாடலைக் கேசட்டில் பதிவு செய்தார். எந்தப் பாடல் என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதைச் சரி என்பவர்களும் தப்பு என்பவர்களும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரே சொல்லைப் பத்து நிமிடத்துக்கு இழுத்துப் பாட வேண்டிய பாட்டு அது. பெரும்பகுதி வெறும் குரல். முடிவில்தான் தாளமும் முக்கோணமும் சேரும். அன்றைக்கு மைக்குக்குத் தாங்கி கிடையாது. சமையல் புத்தகம், தொலைபேசிப் புத்தகம், இரண்டு அகராதி என்று அடுக்கி, அதன்மேல் மைக்கைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் குரல் உச்சத்தில் நிற்கும்போது மைக் சரிந்து மெத்தையில் விழுந்தது. நர்கிஸ் பாய்ந்து எடுத்து மறுபடி நிறுத்தினார். இதெல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். கத்தாஸ் பாட்டை நிறுத்தவே இல்லை. கேசட்டில் மட்டும் குரல் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கி, பிறகு மேலே ஏறி வந்தது. நாடா மிச்சம் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கேசட் எப்படியோ பரவியது. அதிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து குறுந்தகடு, அதிலிருந்து கைப்பேசி. மின்யாவிலிருந்து மெல்போர்ன் வரை, வழிபாட்டில் பாடும் எங்கள் திருத்தொண்டர்கள் அதைக் கேட்டே அந்தப் பாட்டைக் கற்றார்கள். எங்களுக்கு ஏடு கிடையாது, காதுதான் ஏடு. காதில் என்ன விழுந்ததோ அதை மாற்றாமல் பாடுவதுதான் எங்கள் பெருமை. அந்தப் பெருமைதான் இங்கே காலை வாரியது. ஏழாவது நிமிடம் வந்ததும், உலகத்தில் உள்ள எங்கள் திருத்தொண்டர்கள் எல்லோரும் ஒன்றுபோல் தலையைக் குனிந்து, குரலை அடக்கி, ஒரு மூச்சு நேரம் முனகிவிட்டுப் பிறகு நிமிர்ந்து பாடுகிறார்கள். எத்தனை நேர்த்தி என்கிறீர்கள். மைக் விழுந்ததைச் சுருதி பிசகாமல் பாடுகிறார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். போன வருடம் எங்கள் பாதிரியார் அபூனா பொக்தோர் அந்த இறக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். குரல் கீழே இறங்குவது ஆண்டவர் கல்லறைக்குள் இறங்கியதைக் குறிக்கிறதாம். மறுபடி ஏறுவது உயிர்த்தெழுதலாம். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் துடைத்துக்கொண்டேன். கத்தாஸ் அருகில்தான் நின்றிருந்தார். என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின.

"கல்லறை இல்லடா நசீம்," என்று என் காதில் சொன்னார். "மெத்தை."

பிரசங்கம் முடிந்ததும் நேரே போய் அபூனாவிடம் நடந்ததைச் சொன்னார். அபூனா நல்ல மனிதர், பணிவானவர், அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை. முஅல்லிம் தன் சிறப்பைத் தாழ்த்திப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டு, கத்தாஸின் தலையில் முத்தமிட்டு அனுப்பிவிட்டார்.

அப்புறம் இந்த வருடத் தொடக்கத்தில் மறைமாவட்டத்தின் பாடல் குழுவிலிருந்து ஒரு கடிதம். எல்லாத் தேவாலயங்களுக்கும் ஒரே பதிவுத் தொகுப்பு வரப்போகிறது, அதில் இருப்பதுதான் இனி சரியான பாடம், மற்றபடி பாடக்கூடாது. இந்தப் பாட்டுக்குக் கத்தாஸின் கேசட்டைச் சேர்க்கப் போகிறார்கள். திருத்தம் ஏதாவது இருந்தால், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குவதற்குள் புதுப் பதிவு அனுப்பலாம். நான் படித்து முடித்ததும் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, தான் செத்த பிறகும் அந்த மைக் விழுந்துகொண்டே இருக்கும் என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் எனக்குத்தான் வந்தது.

ஆகவே ஒரு மைக் தேவைப்பட்டது. மூச்சளவு அடிக்குரலையும் எடுக்க வேண்டும், உச்சத்தையும் தாங்க வேண்டும், கடைசியில் தாளம் அடித்தால் உடையக்கூடாது. எல்லாம் ஒரே மைக்கில். குரலுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்கச் சொன்னவர்களிடம், "ரெண்டு மைக் வெச்சா ரெண்டு கத்தாஸ் வருவான். அப்புறம் எந்தக் கத்தாஸ் சரின்னு இன்னொரு குழு போடுவாங்க" என்றார்.

நர்கிஸின் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியில் ஒரு மைக்கைச் சிபாரிசு செய்தார். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் வைப்பார்களாம், ஊசி விழுந்தாலும் கேட்குமாம். வாங்கி வந்து பதிவு செய்தோம். ஊசி மட்டுமா கேட்டது? சிலிண்டர்காரன் உருளையைத் தட்டுவது, பழைய சாமான் வாங்குபவனின் கூவல், மொட்டைமாடிப் புறாக்கள், என் வீட்டுச் செருப்புச் சத்தம் எல்லாம் வந்தது. மூன்றாவது நிமிடத்தில் எதிர்வீட்டு அம்மாள் வெண்டைக்காய் முற்றலாக இருப்பதற்காகக் கணவரைத் திட்டியது ஒரு சொல் விடாமல் பதிவாகியிருந்தது. கத்தாஸ் அதைக் கடைசி வரை கேட்டார். இதை அனுப்பினால் அடுத்த வருடம் மெல்போர்னில் வெண்டைக்காயையும் சேர்த்துப் பாடுவார்கள் என்றார். கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கனடாவின் மௌனமான அறைக்குச் செய்த பொருளை ஷுப்ராவில் விற்பவனுக்கு மனசாட்சி எங்கிருந்து வரும்? அந்த மைக் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல், தலையில் ஒரு துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கடையில் கையில் பிடித்துப் பாடும் மேடை மைக் கொடுத்தார்கள். தாளத்தைத் தாங்கியது, தெருவையும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அடிக்குரலை அப்படியே விழுங்கிவிட்டது. இப்படி ஒன்றிருந்தால் ஒன்றில்லாத மைக்குகளாகப் பார்த்துப் பார்த்து, நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் ஷவ்கியின் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

மூன்று மைக்கும் வேண்டாம் என்று ஆனதும் ஷவ்கி களைத்துவிட்டார். வந்தவருக்கு டீயாவது கொடுக்கலாம் என்று, மேசைமேல் கிடந்த பழைய மைக்கை எடுத்தார். அதன் வலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பெயர் எழுதியிருந்த இடம் தேய்ந்து வெறும் உலோகம் மின்னியது. அதன் கம்பி கடை வாசலில் தொங்கும் ஒலிபெருக்கிக்குப் போகிறது. எதிர்ச்சாரி டீக்கடைக்குச் சொல்ல அவர் எழுந்து போவதில்லை.

"மூணு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மி," என்றார்.

வெளியே ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றிருந்தது. கத்தாஸ் தலையைச் சாய்த்தார்.

"அந்த மைக்கைக் குடு."

"இது விக்கறதுக்கு இல்ல, முஅல்லிம். டீ சொல்றதுக்கு."

"டீ சொல்ல உன் வாய் போதும். குடு."

தாளம் அடித்தார். முழுசாக வந்தது, ஓரம் நசுங்காமல். அடிக்குரல் பாடினார். மூச்சு குரலாக மாறும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு சும்மா நின்றார். பஸ் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஹெட்போனில் அது எங்கோ பக்கத்து ஊரில் கத்துவது போல் இருந்ததாம். முன்னால் நிற்பவனை மட்டும் கேட்கிறது, முதுகுக்குப் பின்னால் நடப்பதில் அக்கறை இல்லை, இப்படி ஒரு மனுஷனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒரு கல்யாணப் பந்தல்காரர் கடையை மூடியபோது கிடைத்தது, பதினைந்து வருடமாகக் கீழே விழுந்து விழுந்து பழகியது என்றார் ஷவ்கி. புது மைக்கின் விலையைக் கொடுத்து அதை வாங்கினோம். டீ வந்தபோது யாருக்குச் சர்க்கரை கம்மி என்பதில் ஒரு சிறு தகராறு நடந்தது, அதை விடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிதான் கெய்ரோ அசந்து தூங்கும் நேரம். அலமாரிக் கதவுகளைத் திறந்து, குளிர்காலக் கோட்டுகளுக்கு எதிரே மைக்கை நிறுத்தினோம். தாங்கியை அலமாரிப் பிடியோடு துணியால் கட்டினார் நர்கிஸ். குளிர்பெட்டியை அணைத்தோம். நான் செருப்பில்லாமல் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிடம், ஒரே மூச்சாகப் பாடியது போல் இருந்தது. ஏழாவது நிமிடத்தில் நான் என்னையறியாமல் தலையைக் குனிந்தேன், ஆனால் குரல் இறங்கவில்லை. உச்சத்திலேயே நின்று, அகலமாகி, அங்கிருந்தே அடுத்த படிக்குப் போனது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் நான் கேட்டுவந்தது ஒரு ஓட்டை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நர்கிஸ் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்; கண்ணிலும் நீர் இருந்தது.

அனுப்பினோம். நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அபூனா பொக்தோர் நேரிலேயே வந்தார். கையில் எள்ளு அல்வா. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

குழு புதுப் பதிவைக் கவனமாகக் கேட்டதாம். குரல் இன்னும் பொன்தானாம். ஆனால் ஏழாவது நிமிடத்தில் முஅல்லிம் மூலப்பாடத்திலிருந்து விலகியிருக்கிறார் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்களாம். வயதாக ஆக நினைவு தடுமாறுவது இயற்கைதானே என்றும் ஒருவர் சொன்னாராம். அதனால் பழைய கேசட்டையே சுத்தப்படுத்தி, கொஞ்சம் எக்கோ சேர்த்துத் தொகுப்பில் போடப் போகிறார்கள்.

"அபூனா, அந்தக் கேசட்ல பாடினது யாரு?"

"நீங்கதான், முஅல்லிம்."

"நான்தானே சொல்றேன். அது இறக்கம் இல்ல. மைக்கு சாஞ்சுது."

அபூனா அல்வாவை மேசைமேல் வைத்தார். "அப்படிச் சொல்லாதீங்க. அந்த இடத்துல எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? அவங்ககிட்டப் போயி, நீங்க மைக்குக்குத்தான் அழுதீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

கத்தாஸ் அல்வாப் பெட்டியை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார். பாடினவனையே அவன் பாட்டுக்குச் சாட்சி இல்லை என்று தள்ளுகிற குழுவை நான் என்னவென்று சொல்ல? காது கேட்கிற ஏழு பேர் கூடி உட்கார்ந்து, ஒரு நசுங்கிய மைக்குக்கு இருந்த நிதானம்கூட இல்லாமல் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அபூனா போன பிறகு அல்வாப் பெட்டியை நான் மாடிக்கு எடுத்துப் போகப் பார்த்தேன். நர்கிஸ் தடுத்து, அல்வா என்ன பாவம் செய்தது என்றார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து எங்கள் தேவாலயத்துப் புனிதரின் திருநாள் வந்தது. காலை வழிபாடு, உள்ளே நிற்க இடமில்லை. அந்தப் பாட்டைத் திருத்தொண்டர்கள் நாற்பது பேர் பாட வேண்டும், கத்தாஸ் தலைமை தாங்க வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முன் அவர் தடவித் தடவித் தாங்கியிலிருந்த தேவாலய மைக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கோட்டுப் பையிலிருந்து காலுறை வெளியே வந்தது. இந்தத் தடவை அதற்குள் தாளம் இல்லை, டீ மைக். மாட்டினார்.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி இருந்தது. தேவாலயத்தின் இணையப் பக்கத்தில் நேரலையும் ஓடிக்கொண்டிருந்தது. இதையும் எங்கெங்கோ உட்கார்ந்து கேட்டுப் பாடம் பண்ணுவார்கள். நாற்பது கைப்பேசி ஒளிப்பதிவு செய்கிறது என்று அவர் காதில் சொன்னேன். தலையசைத்தார்.

ஆறாவது நிமிடம் முடிந்தது. குரல்கள் உச்சத்துக்கு ஏறின. முன்வரிசையில் அபூனா கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது தலைகளும் குனியத் தயாராவது எனக்குத் தெரிந்தது. கத்தாஸ் தலை குனியாமல், குரலை இறக்காமல் பாடிக்கொண்டே இடது கையை உயர்த்தினார். மைக்கின் கழுத்தைத் துழாவிக் கண்டுபிடித்து, சாய்ந்துவிடாதபடி இறுகப் பிடித்துக்கொண்டார்.